ஆறாவது ஆள்

கிளிஃபர்ட் ஹாலமை எங்கள் சங்கத்தில் யாருக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, நாங்கள் காரணமில்லாமல் ஒரு மனிதரைப் போட்டு மிதித்தோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காரணம் இருந்தது. அது போதுமான காரணமா என்பது வேறு விஷயம்.

அவர் முப்பது வருஷம் நாட்டிங்காம்ஷர் மாவட்டத்தில் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். மதுக்கடையில் பியர் கோப்பை கோடு வரை நிறைகிறதா, கறிக்கடைத் தராசு நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். ஓய்வு பெற்றதும் அந்தக் கண்ணை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஊர் நியூவார்க்கின் மெதடிஸ்ட் சபைக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். மேசைகளை ஒட்டிப் போட்டுப் பச்சைத் துணி விரிப்போம். அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் ஈய வீரர்கள், நூற்றுக்கணக்கில். டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவோம். மற்ற ஊர்ச் சங்கங்கள் நெப்போலியன், ரோமாபுரி என்று அலையட்டும். எங்களுக்கு ஒரே போர்தான். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாராளுமன்றத்துப் படை ராஜாவின் ஆட்களை எங்கள் ஊருக்குள் அடைத்துவைத்து மூன்று தடவை முற்றுகையிட்டதே, அது.

கிளிஃபர்ட் ஒரு மேசைப் பக்கம் வந்தால் அந்த மேசையில் பேச்சு நின்றுவிடும். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிவார். "இந்தப் படைக்கு ஆயிரத்தி அறுநூத்தி நாப்பத்திநாலுல சாம்பல் கோட்டு. நீ நீலம் அடிச்சிருக்கே," என்பார். நாம் மூன்று மாதம் கண் வலிக்க உட்கார்ந்து தீட்டியிருப்போம். அவர் சொல்வது ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை. அதுதான் பொறுக்க முடியாதது.

ஐம்பதாவது வயதில் ஒருநாள் காலை அவருக்கு முகத்தின் இடது பாதி வாதத்தில் விழுந்துவிட்டது. பிறகு சரியாகவே இல்லை. இடது கண் பாதி மூடியே இருக்கும். வாயின் இடது ஓரம் கீழே இழுத்துக்கொண்டு நிற்கும். தேநீர் குடிக்கும்போதும் பேசும்போதும் அந்தப் பக்கம் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொள்வார். ஒரு தடவை என் காரில் வரும்போது தானாகவே சொன்னார்: வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகளை எடுத்துவிட்டாராம். கையால் தடவிப் பார்த்தே சவரம் செய்துகொள்கிறாராம். புகைப்படத்துக்கு நிற்பதே இல்லையாம். தராசைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னார்.

டெரெக் பாஸ்க் எங்களில் ஒருவன், ஆனால் எங்களைப் போலப் பகடை உருட்டுகிறவன் மட்டுமல்ல, சிற்பி. பச்சை நிறப் பசைமண்ணைப் பிசைந்து ஊசி முனையால் ஒரு விரல் கணு அளவில் மனிதனைச் செய்வான். பெரிய கம்பெனி ஒன்றில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஈயத்தில் வார்த்து விற்கத் தொடங்கினான். முதல் வெளியீடாக இருபது துப்பாக்கிக்காரர்கள். அவன் மனைவி ஜேனட் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாக்கெட் போட்டாள். எங்கள் சங்கத்துச் செய்திமடலில் மதிப்புரை எழுதியது கிளிஃபர்ட். இருபது பேரில் பதினோரு பேருக்கு வாளுறை தப்பான இடுப்பில் தொங்குகிறது என்றார். தொப்பி விளிம்பு இருபது வருஷம் பிந்தியது என்றார். கடைசி வரி இது: "ஈயம் நல்ல ஈயம். உருக்கித் தேவாலயக் கூரை ஒழுகும் இடத்தில் வைக்கலாம்."

அந்த வரி நன்றாக இருந்ததால் லண்டன் பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் போட்டது. நாடு முழுக்கச் சிரித்தார்கள். கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பின. டெரெக்கின் மனைவி கிராந்தமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. டெரெக் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனான். எட்டு மாதம் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தான். நேராக கிளிஃபர்டிடம் போய்க் கை கொடுத்தான். அவர் சொன்னது எல்லாம் சரி என்றான், இனி ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் செய்வேன், சொல்லிக்கொடுங்கள் என்றான். கிளிஃபர்டுக்கு அப்படி யாரும் கேட்டதே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறு தோறும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து வாளுறை பற்றியும் கால்சட்டை நாடா பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கும்போது அவர் முகத்தைவிட்டு அவன் கண் நகராது. எவ்வளவு மரியாதை என்று நாங்கள் நினைத்தோம்.

மார்ச்சில் புதிய பாக்கெட் வந்தது. "முற்றுகைக்குள் மக்கள்" என்று பெயர். எட்டு உருவங்கள், கூடவே அவற்றுக்கென்றே கலக்கிய ஆறு பெயின்ட் குப்பிகள், ஒரு மெல்லிய பிரஷ். ரொட்டிக்காரி, வெட்டியான், எலி பிடிக்கிறவன் என்று வரிசையாக டெரெக் மேசையில் நிறுத்தினான். ஆறாவதாக நின்றவன், நின்றவன் என்று சொல்லக் கூடாது, குந்தியிருந்தான். கால்சட்டை கணுக்காலில் கிடந்தது. இடிந்த சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பயத்தில் வயிறு போகிற காவல்காரன். தலையைத் தூக்கி மேலே பார்க்கிறான். இடது கண் பாதி மூடியிருந்தது. வாயின் இடது ஓரம் தொங்கியது.

 ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை. பிறகு வின்ஸ் டான்ஸ்லி, குழாய் வேலை செய்கிறவன், எங்கள் கூட்டத்திலேயே உரத்த குரல்காரன், மூக்கு வழியாக ஒரு சத்தம் எழுப்பினான். அவ்வளவுதான். அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். குப்பிகளில் ஒன்று வெளுத்த சாம்பல் கலந்த தோல் நிறம். அதன் மேல் "கோழை வெளுப்பு" என்று அச்சடித்திருந்தான்.

கதவு திறந்து கிளிஃபர்ட் உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எட்டையும் வரிசையாகப் பார்த்தார். ஆறாவதில் வெகுநேரம் நின்றார். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  டெரெக் மட்டும் அசையாமல் கைகட்டி நின்றான்.

"டெரெக், இப்பதான்பா நீ ஒரு மனுஷனைப் பாத்துச் செஞ்சிருக்கே," என்றார் கிளிஃபர்ட். "மத்ததெல்லாம் சுமார். இவன் உயிரோட இருக்கான்."

ஐந்து பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

அவருக்குத் தெரியவில்லை. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பதினெட்டு வருஷமாகத் தன் முகத்தைப் பார்க்காத ஒருவர் அதை ஒரு பட்டாணி அளவில், மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்துகொள்வார்? அவர் மனதில் இருந்தது ஐம்பது வயதுக்கு முந்திய முகம்.

மதிப்புரை எழுதினார். ஒரு குறையும் சொல்லாமல் அவர் எழுதிய ஒரே மதிப்புரை அது. "ஆறாவது ஆளுக்காக மட்டுமே இந்தப் பாக்கெட்டை வாங்கலாம்" என்று முடித்திருந்தார். லண்டன் பத்திரிகை அதையும் எடுத்துப் போட்டது. அவரைக் கண்காட்சிகளில் பார்த்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். செய்தி வாய்வழியாகப் பரவியது. டெரெக் கிடங்கு வேலையை விட்டான். வாரத்துக்கு நான்கு நாள் வார்த்தும் பாக்கெட் போதவில்லை.

எங்கள் விளையாட்டில் ஒரு புது விதி சேர்ந்தது. வின்ஸ் போட்ட விதி: ஒவ்வொரு படையிலும் ஓர் ஆறாவது ஆள் இருக்க வேண்டும், எதிரியின் ஆறாவது ஆளைப் பிடித்தால் இரண்டு புள்ளி. பிடித்தவர்கள் அவனை மேசை விளிம்பில் கிளிஃபர்டைப் பார்த்தபடி வைப்பார்கள். தன் மதிப்புரையைப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள் என்று கிளிஃபர்ட் நினைத்தார். அவரே நான்கு உருவங்களைத் தீட்டிக் கொண்டுவந்தார். பிரமாதமாகத் தீட்டியிருந்தார். எங்களில் யாராலும் அப்படி முடியாது. டெரெக் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இடது கண்ணுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் இருட்டு வேணும் கிளிஃபர்ட்," என்றான். "அங்க தோல் தொங்கணும்."

"அப்படியா சொல்றே?" என்று கேட்டு அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நானும் ஒன்று தீட்டினேன். கோட்டுக்குப் பச்சை அடித்தேன், கிளிஃபர்ட் எப்போதும் போட்டுக்கொண்டு வரும் கம்பளிச் சட்டையின் பச்சை. அதற்கு எல்லாரும் முதுகில் தட்டினார்கள். சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் தீட்டலுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

மே மாதம் ஊர்ப்புறத்துக் கண்காட்சி மைதானத்தில் இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் கூடும் பெரிய கூட்டம். டெரெக்கின் கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு துணிப் பதாகை தொங்கியது. ஆறாவது ஆளின் முகம் மட்டும், வண்ணத்தில். கிளிஃபர்ட் கடைக்கு முன்னால் பதாகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். லெஸ்டரிலிருந்து வந்த யாரோ ஒருவன் பாக்கெட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டான். கிளிஃபர்ட் திகைத்துப் போனார். போட்டுக் கொடுத்தார். அடுத்தவன் வந்தான். பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். வாங்கிக்கொண்டு போனவர்கள் தள்ளிப் போய் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு எழுத்துப் பிழையில்லாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி மொரீன் சாண்ட்விச் டப்பாவோடு வந்தார். பதாகையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடியும் பதாகையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, தேநீர் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"லென், அது எங்க வீட்டுக்காரர் மூஞ்சிதானே?"

நான் ஏதோ முனகினேன். முற்றுகை, பழைய காலம், தற்செயல் என்று.

"பொய் சொல்லாதீங்க. வீட்டு மேசையில நாலு இருக்கு. அவ்வளவு சின்னதுல எனக்குக் கண்ணு தெரியல. தினமும் தூசி தட்டி வெச்சிருக்கேன்."  "அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அவர் வரிசையைப் பார்த்தபடி நின்றார். "பாருங்க, கைக்குட்டை பையிலேயே இருக்கு. பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒரு கூட்டத்துல அது இல்லாம நிக்கறாரு. யாரும் அவர்கிட்ட சொல்லக் கூடாது லென். நீங்க பாத்துக்கோங்க. எனக்கு வேற யாரையும் தெரியாது."

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாளே டெரெக்கின் பட்டறைக்குப் போனேன். கறுப்பு ரப்பர் அச்சு வட்டுகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. உருகிய ஈயத்தின் வாசம். ஆறாவது ஆளை மட்டும் நிறுத்திவிடேன், ஏழு போதுமே என்று கேட்டேன். அவன் ஆறிப்போன உருவங்களை அச்சிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டே கேட்டான். கோபமே இல்லை.

"அவரை வந்து கேக்கச் சொல்லு. அவர் வாயால ஒரு வார்த்தை கேட்டா அன்னிக்கே அச்சை வெட்டிடறேன்."

"கேக்கணும்னா அவருக்குத் தெரியணுமே, டெரெக்."

"ஆமா," என்றான். ஒரு பிடி ஈய ஆட்களை என் உள்ளங்கையில் கொட்டினான். இன்னும் சூடாக இருந்தார்கள். "ஜேனட் இந்த வீட்டை விட்டுப் போனப்ப எதை எடுத்துக் காட்டினா தெரியுமா? அந்தக் கூரை வரி. பத்திரிகையிலேர்ந்து வெட்டி வெச்சிருந்தா. அதைப் படிச்சும் எல்லாரும்தான் சிரிச்சாங்க. நீ சிரிக்கலியா?"

சிரித்தேன். ஞாபகம் இருந்தது.

சங்கத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். விதியை எடுத்துவிட்டார்கள். சிலர் தங்கள் ஆறாவது ஆளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். வின்ஸ் மட்டும் கொண்டுவந்துகொண்டிருந்தான். மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. கிளிஃபர்ட் முன்பைவிடச் சுமுகமாக இருந்தார். ஒருநாள் எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தார். நான் ஒரு நல்ல காரியம் செய்துகொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது.

ஜூன் இரண்டாவது ஞாயிறு எனக்கும் கிளிஃபர்டுக்கும் ஆட்டம். அதற்காகவே ஒரு குதிரைப்படை தீட்டியிருந்தேன். முப்பத்தாறு குதிரைகள், ஐந்து மாத வேலை, புதிதாக வாங்கிய பிரஷ். மேசையில் இறக்கி வைத்ததும் நான்கைந்து பேர் வந்து பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். கிளிஃபர்ட் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். ஒவ்வொன்றாக முப்பத்தாறையும் பார்த்தார்.

"சேணத்துக்கு இந்தச் சிவப்பு கிடையாது," என்றார். "போகட்டும். கோடு ஏன் நேரா வரல? கை நடுங்குதா? இந்தப் பிரஷ்ஷை வெச்சிக்கிட்டு இப்படி அடிக்கறதுக்கு, அடிப்பூச்சோட விட்டிருக்கலாமே லென். தூரத்துலேர்ந்து பாக்க மழையில நனைஞ்ச மாதிரி இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. வாயின் நல்ல பக்கம் மேலே போயிற்று. வின்ஸின் ஆறாவது ஆள் மேசை மூலையில் குந்தியிருந்தான். நான் அவனை எடுத்து கிளிஃபர்ட் முன்னால் வைத்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மொரீன் ஞாபகம் வந்தது. வந்தும் சொன்னேன்.

"என் குதிரை கெடக்கட்டும். இவனை எடுத்துக்கிட்டுப் போய்க் கண்ணாடியில உங்க மூஞ்சியைப் பாருங்க. பாத்துட்டு வந்து யாரு அடிச்சது சரியில்லைன்னு சொல்லுங்க."

 கிளிஃபர்ட் என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கணக்குத் தெரிந்தவர், அந்த முகங்களிலேயே பாதி படித்திருப்பார். ஆனாலும் சரிபார்க்காமல் எதையும் நம்புகிறவர் இல்லை. உருவத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். அங்கே கைகழுவும் இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு. பதினைந்து நிமிஷம் வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. வின்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், யாரோ அவன் கையைப் பிடித்தார்கள்.

வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தார். கைக்குட்டை வாயில் இருந்தது.

"யாரு முறை?" என்று கேட்டார்.

அவர் முறைதான். பகடையை உருட்டினார். அளந்தார். நகர்த்தினார். என் குதிரைப்படை இரண்டு சுற்றில் சிதறிப் போயிற்று. ஆட்டத்தை முறைப்படி முடித்துப் புள்ளிகளைக் குறித்தார். பிறகு தன் வீரர்களைப் பஞ்சுப் பெட்டியில் அவரவர் குழியில் ஒவ்வொருவராக வைக்கத் தொடங்கினார். இருநூறு பேருக்கு மேல். முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை, யாரும் வீட்டுக்கும் போகவில்லை.

கோட்டைப் போட்டுக்கொண்டு டெரெக்கிடம் போனார்.

"எத்தனை வித்துது?"

"நாலாயிரம் பாக்கெட்," என்றான் டெரெக்.

"நாலாயிரம்." கைக்குட்டைக்குப் பின்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "அளவு சரியா இருக்கு. இடது பக்கம் நான் நினைச்சதைவிட மோசம். ஆனா அளவு சரிதான்."

டெரெக் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். அவன் நின்ற விதத்திலேயே அது தெரிந்தது. நிறுத்திவிடு என்று ஒரு வார்த்தை. கிளிஃபர்ட் கேட்கவில்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு நடையாகத் தூக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வரவில்லை. டெரெக் அச்சை வெட்டவில்லை. அச்சு தேய்ந்தபோது புதிது போட்டான்.

ஆகஸ்டில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். மொரீன் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். கிளிஃபர்ட் இப்போது வெளியே எங்கும் போவதில்லையாம். வீரர்களையெல்லாம் பெட்டியோடு விற்றுவிட்டாராம். சாப்பாட்டைத் தனியாக மாடியில் வைத்துக்கொள்கிறாராம், மனைவி முன்னால்கூடச் சாப்பிடுவதில்லையாம். நான் பேச வாயைத் திறந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் லென்," என்றார். "யாரு சொன்னாங்கன்னு அவர்கிட்ட கேட்டேன். யாரும் சொல்லல, நானே கண்டுபிடிச்சேன்னுட்டாரு. அத்தனை பேருல நீங்க ஒருத்தராவது வாக்கைக் காப்பாத்தினீங்க. அதை நான் மறக்க மாட்டேன்."

உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். போனேன். பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மாடியில் கிளிஃபர்ட் நடக்கும் சத்தம் இரண்டு தடவை கேட்டது, கீழே வரவில்லை. நான் இரண்டு கோப்பை குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.